மர்சலின் அம்மாளின் ஆறு போர்ஷன்கள்

மர்சலின் அம்மாள் தம் பொறுப்பில் இருந்த கட்டடத்தில் ஒருமுறைகூட 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகையைத் தொங்கவிட்டதில்லை. பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளா காலியா இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு எந்த விடையைச் சொன்னாலும் அது வீட்டுக்குக் கெட்ட பெயர் என்பது அவருடைய கணிப்பு. பத்தொன்பது ஆண்டுகளில் எந்த வீடும் ஒன்பது நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்ததில்லை என்று அவர் சொல்வார். சாந்தோம் தேவாலயப் பங்கு மக்களில் அதை யாரும் மறுத்ததில்லை.

கச்சேரி சாலையிலிருந்து கடற்பக்கமாகத் திரும்பும் சந்து ஒன்றில் அந்தக் கட்டடம் இருக்கிறது. கீழே மூன்று போர்ஷன்கள், மாடியில் மூன்று. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய பழங்காலக் கூரை. மாடித் தரையும் அதே முறையில் அமைந்ததுதான். உப்புக்காற்று சுவர்களைத் தின்றுகொண்டிருந்தாலும், கூடங்கள் விசாலமானவை, கிணற்றில் தண்ணீர் வற்றாது, கபாலீசுவரர் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடந்தே போய்விடலாம். குடிவருவோருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

கட்டடம் சோஃபியா டீச்சருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் தலைமையாசிரியையாக இருந்த கன்னியர் பள்ளியில்தான் மர்சலின் அம்மாள் அலுவலக எழுத்தராக இருந்தார். அதே பள்ளியின் வேன் ஓட்டுநரான பவுல்சாமி, மர்சலின் அம்மாளின் கணவர், மாரடைப்பில் இறந்த ஆண்டில் டீச்சர் அவரை அழைத்து, "நீ கீழ பின்பக்கத்துல மூணாம் போர்ஷன்ல இருந்துக்கோ மர்சலின். வாடகை வேண்டாம். மத்த வீடு எதுவும் காலியா கிடக்காம பார்த்துக்கிட்டா போதும்" என்றார். அன்று தொடங்கிய வேலை இது. டீச்சர் காலமான பிறகு கட்டடம் கனடாவிலிருக்கும் மகன் ஆஸ்டினின் கைக்கு வந்தது. வேலை மட்டும் மாறவில்லை.

அந்த வேலையை மர்சலின் அம்மாள் ஒரு கலையாகச் செய்தார். குடியிருப்பவர் காலி செய்யப்போவதாக வாய் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பழைய அட்டைப் பெட்டிகள் கடைக்குப் போகாமல் கட்டிலுக்கடியில் சேர்கின்றனவா? பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறதா? சுவரில் ஆணி அடிப்பது நின்றுவிட்டதா? இவற்றைக் கண்டதும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து தேவாலய வாயிலில் நின்று, வேண்டியவர்கள் நான்கு பேரிடம் ஒரு சொல் போட்டு வைப்பார். பழைய குடும்பத்தின் லாரி சந்து முனையைத் தாண்டும்போதே வெள்ளையடிப்பவர் உள்ளே நுழைந்திருப்பார். ஜன்னலில் திரைச்சீலை தொங்கும். வெளிக்கொடியில் மர்சலின் அம்மாளின் புடவைகளே இரண்டு காயும். காலியான வீட்டைக் காலியான வீடாக எவர் கண்ணுக்கும் காட்டக்கூடாது என்பது அவருடைய விதி.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். இது இந்துக்களின் வழக்கம்தான் என்றாலும், லாரிக்காரரும் வெள்ளையடிப்பவரும் தரகரும் அந்த மாதங்களில் சோம்பிக் கிடப்பதால், ஊரில் எல்லா மதத்தாருக்கும் அது பொது விதியாகிவிட்டது. ஆகவே ஆனியும் கார்த்திகையும் முடியும் நாள்கள் அவருக்குத் தவக்காலத்தைவிடக் கடுமையானவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலை ஆஸ்டின் தொலைபேசியில் சொன்ன செய்திதான் அந்த நாள்களை அச்சத்துக்குரியவையாக ஆக்கியது.

"ஆன்ட்டி, ஒரு பில்டர் விடாம கால் பண்ணிட்டே இருக்கான். எல்லா போர்ஷனும் ஃபுல்லா இருக்கிற வரைக்கும் என் வைஃப்கிட்ட ஒரு பதில் சொல்ல முடியும். ஏதாவது ஒண்ணு மூணு மாசம் காலியா கிடந்துச்சுன்னா நான் சைன் பண்ணிருவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்னப்பா இருக்கு? இது வரைக்கும் காலியா கிடந்திருக்கா?" என்றார் மர்சலின் அம்மாள். பேசி முடித்தபின்தான் யோசித்துப் பார்த்தார். அறுபத்தோராம் வயதில் அவர் போவதற்கு இடம் ஏது? மகள் பிரிஸில்லா ஆதம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மாமனார், மாமியார், கணவர், இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். ஒருமுறை மூன்று நாள் அங்கே தங்கியபோது, மாமனார் பால்கனியில் பாய் விரித்துப் படுத்ததைக் கண்டு, நான்காம் நாள் விடியுமுன்னே பேருந்து ஏறிவந்தவர் அவர்.

கேடு நான்காம் போர்ஷனிலிருந்து தொடங்கியது. பின்பக்கப் படிக்கட்டு ஏறியதும் முதலாவதாக இருப்பது அது. மர்சலின் அம்மாளின் வீட்டுக்கு நேர் மேலே அமைந்தது. அங்கே ஏழாண்டுகள் இருந்த வெங்கடேஷ் குடும்பம், அலுவலகம் தொலைவு என்று சொல்லிக் கிளம்பியது. ஏழாண்டுகளாக அதே அலுவலகம் அதே தொலைவில்தான் இருந்தது. பிறகு வந்த சாய்சரண் என்ற மென்பொருள்காரரும் அவர் மனைவியும் நான்கே மாதத்தில் பெட்டி கட்டினார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க தம்பி. என்ன குறை?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டார் மர்சலின் அம்மாள்.

சாய்சரண் தயங்கினார். "குறைன்னு இல்ல ஆன்ட்டி. மேல யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரியே ஒரு சத்தம். எங்களுக்கு மேல மொட்டைமாடிதானே இருக்கு? என் வைஃப் ஹாலுக்குள்ள வர மாட்டேங்கறா. ரெண்டு பேரும் ஒரு மாசமா கிச்சன்ல உக்காந்து வேலை பார்க்கறோம்."

வைகாசி முதல் நாள் வீடு காலியாயிற்று. அவர்கள் போன மறுநாள் தச்சர் சேட்டு வந்தார். ஏணியில் ஏறி, நடு உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்துக் குத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது பழுப்பு நிறப் பொடி அவர் சட்டைப் பையில் கொட்டியது.

"இது மரம் இல்லம்மா. மரத்தோட சட்டை. உள்ள இருந்தவன் எப்பவோ கிளம்பிட்டான்."

"கரையானா? மருந்து அடிச்சா போயிடாதா?"

"கரையானே போயிருச்சும்மா. தின்ன இனிமே என்ன இருக்கு அதுக்கு?"

"எத்தனை நாள் தாங்கும் சேட்டு?"

"நான் தச்சனா, ஜோசியனா? மழைக்கு முன்னாடி மேல மூணு போர்ஷனையும் காலி பண்ணுங்க. உத்தரம் மாத்தி, கல் அடுக்கி, காரை இறுகணும். குறைஞ்சது மூணு மாசம் ஆவும்."

மூன்று மாதம் என்ற சொல் அவர் காதில் தச்சரின் குரலில் ஒலிக்கவில்லை, ஆஸ்டினின் குரலில் ஒலித்தது.

ஆயினும் அந்த வாரமே ஆஸ்டினிடம் உண்மையைச் சொல்ல அவர் முயன்றார். "தம்பி, நாலாம் போர்ஷன் கூரை கொஞ்சம்..." என்று தொடங்கினார். "ரிப்பேரா? ஆன்ட்டி, இனி அதுல செலவு பண்றதுக்கு பில்டர்கிட்டயே குடுத்துரலாமே" என்று மறுமுனை பதில் சொல்லியது. "ரிப்பேர் எல்லாம் இல்லப்பா. பார்க்கப் பழசா இருக்கு. ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டா நல்ல பார்ட்டி வரும்னு சொல்ல வந்தேன்" என்றார் மர்சலின் அம்மாள். பொய்யை இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது அவருக்கே வியப்பாக இருந்தது.

பத்து நாளில் வெள்ளைப் பலகைகள் கூரையை மறைத்தன. வட்டமான சிறு விளக்குகள் அவற்றில் பதிந்தன. கூடம் நகைக்கடை போல ஆயிற்று. சேட்டுவுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார். சத்தம் நிற்கவில்லை. ஆகவே, சந்தில் பள்ளி வேன்களும் காய்கறி வண்டிகளும் இரைகின்ற முற்பகலில் மட்டுமே வீட்டைக் காட்டினார்.

ஆயினும் யாரும் அமையவில்லை. வெங்கடேஷும் சாய்சரணும் யாரிடம் என்ன சொன்னார்களோ, வந்தவர்கள் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில், வாழ்நாளில் முதல்முறையாக, ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் தரகர் பொன்மணியை அவர் நாடவேண்டி வந்தது.

"இன்னாக்கா, நீங்களே என்னைக் கூப்புட்டீங்கன்னா மழைதான் வரும்!" என்று சிரித்தாள் பொன்மணி. இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவள் சிரிக்கவில்லை. "நாலாம் நம்பர்ல பேய் கீதாமே? ரெண்டு பார்ட்டி கேட்டைத் தாண்டலக்கா."

"பேய் இருந்தா அதுகிட்டயாவது வாடகை வாங்கியிருக்க மாட்டேனா?"

"வாங்குவீங்க நீங்க. அட்வான்சும் சேத்து வாங்குவீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள். அதன்பின் அவள் வரவில்லை.

ஆனி மாதத்தில் ஆறு நாள்தான் மீதி. ஆடி வந்துவிட்டால் யாரும் வர மாட்டார்கள். ஆடி முடியும்போது மூன்று மாதம் முடிந்துவிடும்.

அன்று காலை கிணற்றடியில் நின்றபடி மர்சலின் அம்மாள் ஓர் உண்மையைக் கண்டார். பத்தொன்பது ஆண்டுகளாக நல்ல குடித்தனக்காரர் என்று அவர் தேர்ந்தெடுத்தவர்கள் அனைவரும் நல்ல வேலை உடையவர்கள், உறவினர் உடையவர்கள், வேறு வீடு கிடைக்கக்கூடியவர்கள். அதாவது, பிடிக்காவிட்டால் போகக்கூடியவர்கள். அவர் இப்போது தேட வேண்டியது போகமுடியாதவர்களை. அந்த எண்ணம் தோன்றிய கணத்தில் முதலாம் போர்ஷனின் வாசலைக் கழுவிப் பெருக்கிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள்.

ஜோதிலட்சுமி அந்தச் சந்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிச் சமைப்பவள். அடையாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை அகற்றியபோது அவள் குடும்பம் நகரத்துக்கு வெளியே, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி, விடியுமுன்னே கிளம்பி வேலைக்கு வருவாள். மகள் தமிழ்மொழிக்குப் பதினொரு வயது. பழைய பள்ளியை விட மனமின்றி அவளையும் கூடவே அழைத்து வருவாள். பக்கத்திலேயே வீடு பார்க்க அவள் அலையாத தெருவில்லை. முகவரியைக் கேட்டதும் கதவுகள் மூடிக்கொண்டன. மர்சலின் அம்மாளும் இருமுறை மறுத்தவர்தான்.

"ஜோதி, இன்னும் வீடு தேடிட்டு இருக்கியா?"

துடைப்பம் நின்றது. "இன்னாக்கா திடீர்னு? ரெண்டு தபா கேட்டேன். ரெண்டு தபாவும் ஃபேமிலிக்குத்தான் குடுப்பேன்னு சொல்லிட்டீங்க. அப்போ நாங்க இன்னா, சர்க்கஸ் கம்பெனியா?"

"பழசை விடு. நாலாம் நம்பரைத் தரேன். உன்னால முடியறதைக் குடு. ஆனா ஆடிக்கு முன்னாடி வந்துடணும்."

ஜோதிலட்சுமி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சட்டென்று மர்சலின் அம்மாளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் குளிர்ந்து கிடந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனி முடிவதற்கு முதல்நாள் பால் காய்ச்சினார்கள். ஜோதியின் கணவன் பிரபு சென்ட்ரிங் வேலைக்காரன். கட்டடங்களில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பவன். அவன் கூடத்தில் நின்று புதுப் பலகைக் கூரையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். மர்சலின் அம்மாள் பால் பாத்திரத்தை எடுத்துவைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவனோ ஒன்றும் கேளாமல், "சூப்பரா கீதுக்கா" என்று மட்டும் சொன்னான்.

அந்த ஞாயிறு ஆஸ்டினிடம், எல்லாம் நிறைந்துவிட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது.

அதன்பின் நான்காம் போர்ஷனைப் போல ஒரு வீடு அந்தக் கட்டடத்தில் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றோ, விளக்கு எரியவில்லை என்றோ ஒரு முறையீடும் வரவில்லை. வாடகை ஐந்தாம் தேதிக்கு முன்னே வந்தது. மர்சலின் அம்மாள் முதலில் மகிழ்ந்தார். பிறகு, எந்தக் குடித்தனக்காரரும் இத்தனை நாள் குறை சொல்லாமல் இருந்ததில்லை என்பது அவருக்கு உறைக்கத் தொடங்கியது. மாடியில் காலடி ஓசையே கேட்பதில்லை. பதினொரு வயதுப் பெண் குழந்தை இருக்கும் வீட்டில் ஓட்டமோ குதியோ இல்லை. ஜன்னல் திரை எப்போதும் மூடியிருந்தது. அவர் படியேறினால், ஜோதி பாதிப் படியிலேயே எதிர்கொண்டு, "நீங்க ஏன்க்கா ஏறி வர்றீங்க? மூட்டு வலியோட? கூப்புட்டா நான் வரமாட்டேனா?" என்று கீழேயே பேசி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் அவள் வேலைக்குப் போகும்போது, செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொட்டலம் படியில் நழுவி அவிழ்ந்தது. உள்ளே ஒரு முறம் அளவு செம்பொடியும் சுண்ணாம்புத் துகளும். "எறும்புப் புத்துக்கா. பெருக்கினேன்" என்றாள் ஜோதி. "சரி" என்றார் மர்சலின் அம்மாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்து, அதை அள்ளினார்கள்.

புரட்டாசியில் அந்தப் பல் கடிக்கும் சத்தம் நின்றது. ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டபின், மர்சலின் அம்மாள் ஆரோக்கிய மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் இடைவிடாமல் பெய்தது. கச்சேரி சாலையில் முழங்காலளவு நீர். பள்ளிகளுக்கு விடுமுறை. ஐந்தாம் நாள் முற்பகல், மர்சலின் அம்மாள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், அவருடைய கட்டிலின்மேல் சிறு காரைத் துண்டு ஒன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். அவருடைய கூரையில், இதுவரை இல்லாத ஒரு விரிசல் சுவர்முதல் உத்தரம்வரை ஓடியது.

ஜோதி முதலாம் போர்ஷனில் சமைத்துக்கொண்டிருந்தாள். படியில் மறிக்க ஆளில்லை. மர்சலின் அம்மாள் ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். தமிழ்மொழி கதவைச் சிறிதளவே திறந்தாள்.

"யாரும்மா உள்ள?"

"எங்க வீட்ல ஒரு குறையும் இல்ல பெரிம்மா" என்றாள் அந்தக் குழந்தை.

"நான் அதைக் கேக்கலையே கண்ணு."

"நீங்க வந்தா அப்படித்தான் சொல்லணும்னு அம்மா சொல்லிச்சு."

மர்சலின் அம்மாள் கதவைத் தள்ளினார். கூடத்தின் நடுவில் புடவைகளைக் கோத்து ஒரு திரை தொங்கியது. அதை விலக்கினார். வெள்ளைப் பலகைகளில் சதுர சதுரமாக ஓட்டை வெட்டி, தரையிலிருந்து மேல் உத்தரம்வரை முட்டுகள் நின்றன. மூன்று சவுக்குக் கட்டைகள். நான்கு இரும்பு ஜாக்கிகள். அவற்றுக்கிடையில் பாய்கள் விரித்திருந்தன. ஒரு முட்டின் அடியில் குழந்தையின் பாடப்புத்தகங்கள். மழையால் வேலையில்லாமல் வீட்டிலிருந்த பிரபு, பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"அக்கா, தப்புதான்கா. சீலிங்கை வெட்டிட்டேன். போவும்போது புச்சா மாத்திக் குடுத்துர்றேன். ஜோதிதான் சொல்லாதன்னுச்சு. சொன்னா ரிப்பேர்னு எங்களைக் காலி பண்ண சொல்வீங்க. மறுபடி பெரும்பாக்கம்தான். பொண்ணு படிப்பு கெட்டுரும்கா."

மர்சலின் அம்மாள் ஒரு சவுக்குக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"வந்த அன்னிக்கே தெரியும்கா. புது பில்டிங் மாதிரி மூடி வெச்சிருந்தா, உள்ள இன்னாமோ கீதுன்னுதானே அர்த்தம்? பாவம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க தலைக்கு மேலயும் இதுதானே? தெரிஞ்சிருந்தா நீங்க எப்படி நிம்மதியா தூங்குவீங்க?"

உண்மையைச் சொல்ல அந்த ஓர் இடைவெளி இருந்தது. எனக்குத் தெரியும் பிரபு, தெரிந்துதான் உங்களைக் கொண்டுவந்தேன், குழந்தையைக் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்காம் போர்ஷன் காலியாகும். உண்மை தெரிந்தால் ஐந்தும் ஆறும் காலியாகும். தமக்கு ஆதம்பாக்கத்துப் பால்கனியில்கூட இடமில்லை. அவர் முட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பரவாயில்லப்பா" என்றார். "சீலிங் போனா போகுது."

பிரபுவின் கண்கள் கலங்கின. அவன் குனிந்து அவர் காலைத் தொட்டான். தாம் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் மன்னிப்பு வழங்கிக்கொண்டிருப்பது மர்சலின் அம்மாளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. காலை இழுத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை.

"இது எத்தனை நாள் நிக்கும்?"

பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் பேசுகிறவனுடைய குரலுக்கு மாறினான். "சென்ட்ரிங்ல இருபத்தோரு நாள்தான்கா கணக்கு. அதுக்குள்ள மேல ஊத்தின கான்கிரீட்டு இறுகிரும். முட்டை எடுத்தாலும் தானா நிக்கும்." அவன் மேலே பார்த்தான். "இங்க மேல எதுவும் இறுகப் போறதில்லயேக்கா."

"இந்த எடை எல்லாம் எங்க போகுது?"

"கீழதான். ஜாக்கி நிக்கிற தரை மேல." தரையைக் காட்டிச் சொன்னான்: "உங்க வீட்டு மேல. உங்க உத்தரமும் இதே வயசுதானே? விரிசல் கிரிசல் விட்டுக்கீதாக்கா?"

மர்சலின் அம்மாள் ஆமென்று தலையசைத்தார்.

அன்று பிற்பகல் கொட்டும் மழையில் பிரபு ஒரு மூன்று சக்கர வண்டியில் மேலும் ஐந்து ஜாக்கிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தான். மர்சலின் அம்மாள் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினார். இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் முன்னே ஒரு ஜாக்கி நின்றது. பிரபு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் காரைப்பொடி அவருடைய நரைத்த தலையில் உதிர்ந்தது.

இரண்டாம் போர்ஷனிலிருந்து குரல் கேட்டது: "என்ன மர்சலின் அம்மா, சுத்தியல் சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஷெல்ஃப் அடிக்கிறோம்" என்றார் அவர், ஜன்னலை மூடிக்கொண்டே.

அந்நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. கனடாவில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். தொலைக்காட்சியில் சென்னை வெள்ளத்தைப் பார்த்த ஆஸ்டின்.

"ஆன்ட்டி, சேஃபா இருக்கீங்களா? வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலப்பா."

"யாராவது காலி பண்றேன்னு சொன்னாங்களா?"

முட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பிரபுவின் முகத்தைப் பார்க்காமல், "யாரும் எங்கயும் போகலப்பா" என்றார் மர்சலின் அம்மாள்.

பிரபு கடைசி ஆப்பையும் இறுக்கினான். ஜாக்கிகளை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்தான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொள்ளும்போது தயங்கினான்.

"ஒரு விசயம்கா. கட்டைங்க நம்மளது, போன மாசமே வெச்சேன். ஆனா மேலயும் கீழயும் நிக்கிற ஜாக்கி ஒன்பதும் மேஸ்திரியோடது. மழைக்குச் சைட்டு மூடிக்கீது, அதான் எடுத்தாந்தேன். மழை விட்டு வேலை ஆரம்பிச்சா அன்னிக்குக் காலையிலயே கேப்பாரு. கொண்டுபோய்க் குடுத்துரணும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பார்க்கலாம்கா" என்று சொல்லிவிட்டு, அவன் பின்பக்கப் படியில் ஓசைப்படாமல் ஏறிப்போனான்.

மர்சலின் அம்மாள் ஜன்னலைத் திறந்தார். சந்தில் மக்கள் வாசல்தோறும் நின்று வானத்தை நோக்கி, போதும், நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் சுண்ணாம்புக் கூரை மேலும் ஊறும். மழை நின்றால் முட்டுகள் போய்விடும். செபமாலையைக் கையில் எடுத்த அவருக்கு எதை வேண்டுவது என்று தெரியவில்லை. கிழக்கே, சாந்தோம் கோபுரத்துக்கு அப்பால், மேகம் மெல்ல வெளுக்கத் தொடங்கியிருந்தது.